மூச்சை எண்ணும் கணக்கு



முப்பது ஆண்டுகளுக்கு மேல் மதிப்பெண் பட்டியலோடு வாழ்ந்தவன் நான். மதிப்பெண் மிகுந்தால் மகிழ்வதும் குறைந்தால் வருந்துவதும் பள்ளிக்கூடத்தின் இயல்பு. ஆனால் பூஜ்யம் வாங்கியவரே நலமுடையவர், இருபது வாங்கியவர் உயிருக்குப் போராடுகிறவர் என்னும் தலைகீழான விதியையுடைய மதிப்பெண் பட்டியல் ஒன்றும் உலகில் உண்டு. இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகளில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு அன்றாடம் அது போடப்படுகிறது. முன்னெச்சரிக்கை மதிப்பெண் என்று அதனைக் கூறலாம். அதைப் பற்றியும், தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் அதை எவ்வாறு புரிந்துகொண்டு கையாளுகின்றனர் என்பதைப் பற்றியும் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

எனக்கு இதனை முதலில் விளக்கியவள் என்னிடம் பயின்ற ஒரு மாணவி. செவிலியர் படிப்பை முடித்து, இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறாள். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தவள், ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து இந்தப் பட்டியலை எழுதிக் காட்டினாள்.

"ஏன் அம்மா, இது ஐந்தாம் வகுப்புக் கூட்டல் கணக்குத்தானே? இதற்குப் போய்ப் பயிற்சி, தேர்வு என்று இத்தனை ஏற்பாடா?" என்று நான் கேட்டேன்.

"கூட்டல் எளிதுதான், ஐயா. கூட்டுகிற எண்கள் மெய்யாக இருக்க வேண்டுமே!" என்றாள் அவள்.

அந்த விடையில் எத்தனை பொருள் அடங்கியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவருக்குத் திடீரென்று இதயம் நின்றுவிட்டது என்று சொல்லக் கேட்கிறோம். 'திடீரென்று' என்னும் அச்சொல் பெரும்பாலும் பொருந்தாது என்பதை 1990-ஆம் ஆண்டில் வெளியான, அமெரிக்காவின் மியாமி நகரில் நடந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது. மருத்துவமனையில் இருக்கும்போதே இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் குறிப்பேடுகளை மருத்துவர்கள் புரட்டிப் பார்த்தனர். அவர்களுள் நூற்றுக்கு 84 பேரிடம், அந்நிகழ்ச்சிக்கு முந்தைய எட்டு மணி நேரத்திற்குள்ளாகவே உடல்நிலை சீர்கெட்டு வந்ததற்கான அடையாளங்கள் பதிவாகியிருந்தன. அடையாளங்கள் கண்ணில் படாமற் போகவில்லை, எழுதியே வைக்கப்பட்டிருந்தன. எழுதியவற்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. மூச்சு ஒரு கட்டத்தில், நாடி வேறொரு கட்டத்தில், காய்ச்சல் மற்றொரு கட்டத்தில் என்று சிதறிக் கிடந்தன.

இக்குறையைப் போக்க ஓர் எளிய வழியை 1997-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்திலுள்ள ஜேம்ஸ் பேஜட் மருத்துவமனையைச் சேர்ந்தோர் வெளியிட்டனர். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், சுவாசம், உடல் வெப்பம், நினைவு ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்ட வேண்டியது. கூட்டுத்தொகை குறிப்பிட்ட அளவை எட்டினால் மருத்துவரை அழைக்க வேண்டியது. அவ்வளவே. பிற மருத்துவமனைகளும் அதைப் பின்பற்றின. ஆயினும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பட்டியலை வகுத்துக்கொண்டமையால், ஓரிடத்தில் பணியாற்றிய செவிலியர் மற்றோரிடத்திற்குச் சென்றால் புதிய நெடுங்கணக்கைப் படிக்க நேர்ந்தது. அந்தக் குழப்பத்தை நீக்கும்பொருட்டு, லண்டனிலுள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்னும் மருத்துவர் கழகம் 2012-இல் நாடு முழுமைக்கும் பொதுவான பட்டியல் ஒன்றை வெளியிட்டு, 2017-இல் அதைத் திருத்தியமைத்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'நியூஸ்' என்று பெயர். செய்தி என்று பொருள்படுமாறு பெயர் அமைந்தது பொருத்தமே.

இனிப் பட்டியலின் உள்ளே செல்வோம். இப்போது அதில் ஏழு பாடங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சொன்ன ஐந்தோடு, இரத்தத்தில் ஆக்சிஜன் என்னும் பிராணவாயு நூற்றுக்கு எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்பதும், அந்த நோயாளிக்குப் பிராணவாயு தனியே கொடுக்கப்படுகிறதா என்பதும் சேர்க்கப்பட்டுள்ளன. தனியே கொடுக்கப்பட்டால் 2 மதிப்பெண். மற்ற ஆறுக்கும் இயல்பான நிலைக்குப் பூஜ்யம். விலகலுக்கேற்ப 3 வரை. ஆக, உச்ச அளவு 20.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். அறுபத்தெட்டு வயதுப் பெரியவர். வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். மாலை ஆறு மணிக்குப் பார்த்தபோது எல்லாம் இயல்பாக இருந்தன, மதிப்பெண் பூஜ்யம். இரவு பத்து மணிக்கு மீண்டும் பார்க்கிறார்கள். நிமிடத்திற்கு 21 மூச்சு; அதற்கு 2. பிராணவாயு 95, அதற்கு 1. நாடி 96, அதற்கு 1. உடல் வெப்பம் 38.2 டிகிரி, அதற்கு 1. இரத்த அழுத்தத்தின் மேல் எண் 112, அது இயல்பே. நினைவு தெளிவாக இருக்கிறது. இவற்றுள் எந்த ஒன்றைத் தனியே எடுத்துக் காட்டினாலும் யாரும் பதற மாட்டார்கள். "கொஞ்சம் காய்ச்சல், அறுவை செய்த உடம்புதானே" என்பார்கள். ஆனால் கூட்டினால் 5 வருகிறது. 5 வந்தால் மருத்துவரை விரைந்து அழைக்க வேண்டும். மணிக்கு ஒரு முறையேனும் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்பது விதி. 7 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, தீவிர சிகிச்சையில் தேர்ந்த குழுவே உடனே வரவேண்டும்.

பள்ளியில் எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண் பெற்றும் ஒரு பாடத்தில் தவறியவனைத் தேர்ச்சி பெற்றவனாகக் கொள்வதில்லை அன்றோ? இங்கும் அவ்வாறே. மொத்தம் குறைவாக இருந்தாலும், ஏதேனும் ஒன்றில் மட்டும் 3 விழுந்தால் அதுவே தனி எச்சரிக்கையாகும்.

இப்போது நம் பெரியவரிடம் திரும்புவோம். இரவு பத்து மணிக்கு அவர் மூச்சை எண்ணிய செவிலியர், 21 என்பதற்குப் பதிலாக 20 என்று எழுதிவிட்டதாகக் கொள்ளுங்கள். ஒரே ஒரு மூச்சு வேறுபாடு. 20 வரை இயல்பு என்பது பட்டியலின் கணக்கு. ஆகவே மூச்சுக்குரிய 2 மதிப்பெண் பூஜ்யமாகிவிடும். மொத்தம் 5 என்பது 3 ஆகிவிடும். 3 என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை பார்த்தால் போதும். அவ்விதம் அடுத்த முறை நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குப் பார்க்கும்போது மூச்சு 26, நாடி 118, அழுத்தம் 98, வெப்பம் 38.6, பிராணவாயு கொடுத்தும் 93, பெரியவர் தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பேசுகிறார் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 15. கூட்டிப் பாருங்கள், மூச்சுக்கும் நினைவுக்கும் மும்மூன்று, வெப்பத்திற்கு ஒன்று, நாடி, அழுத்தம், பிராணவாயு அளவு, அது கொடுக்கப்படுதல் ஆகிய நான்கிற்கும் இரண்டிரண்டு. ஒரு மூச்சு தவறியதால் கைவிட்டுப் போனவை நான்கு மணி நேரம்.

இது மிகைப்படுத்திச் சொல்வதன்று. மருத்துவமனைக் குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்கள், மூச்சின் எண்ணிக்கை 16, 18, 20 என்னும் சில எண்களிலேயே வந்து குவிவதைக் கண்டிருக்கின்றனர். மனிதர்கள் இரட்டைப்படையில் மட்டும் மூச்சுவிடுவதில்லை. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் 16, 20, 24 என்றுதான் வரும். 21 ஒரு நாளும் வராது. அரை நிமிடம் எண்ணி இரட்டித்தாலும் ஒற்றைப்படை எண் தோன்றாது. எண்ணாமலே எழுதிவிடுவதும் உண்டு. நாடிக்கும் அழுத்தத்திற்கும் பிராணவாயுவிற்கும் கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் எண் தெரிகிறது. பொது வார்டில் மூச்சை எண்ணப் பெரும்பாலும் மனிதன்தான் நின்றாக வேண்டும், ஒரு முழு நிமிடம்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு வெட்கம் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், வருகைப் பதிவேட்டில் தலை நிமிராமலே அடையாளம் இட்டுக்கொண்டு போகும் வழக்கம் எனக்கிருந்தது. ஒரு நாள் வகுப்பில் இல்லாத மாணவனுக்கு வருகை போட்டுவிட்டேன். அவன் பள்ளிக்கு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டு ஆற்றுக்குப் போயிருந்தான். மாலையில் பிள்ளையைத் தேடி வந்த தந்தையிடம் பதிவேட்டைக் காட்டி, "வந்திருந்தானே!" என்று அடித்துப் பேசியவன் நான். பையன் பத்திரமாக வீடு திரும்பினான். எனினும் அந்த மாலை நேரத்தை நான் மறந்ததில்லை. ஏட்டில் எழுதப்பட்ட பொய், எழுதாமல் விட்ட வெற்றிடத்தைவிடத் தீங்கானது. ஏனெனில் வெற்றிடத்தைக் கண்டால் யாரேனும் கேட்பார்கள்.

மூச்சு ஏன் முதலில் மாறுகிறது என்பதைச் சிறிது பார்ப்போம். விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள். உடலின் திசுக்களுக்குப் போதிய பிராணவாயு கிட்டாதபோது அவை ஒருவித அமிலத்தை உண்டாக்குகின்றன. இரத்தத்தில் அமிலம் மிகுந்தால், மூளை அதை உணர்ந்து, கரியமில வாயுவை வெளியே தள்ளி அமிலத்தைக் குறைக்கும்பொருட்டு மூச்சை விரைவுபடுத்துகிறது. இதயமும் விரைந்து அடிக்கிறது. சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. இவற்றின் பயனாக இரத்த அழுத்தம் நெடுநேரம் விழாமல் நிற்கிறது. 'அழுத்தம் நன்றாகத்தானே இருக்கிறது' என்று நிம்மதி கொள்வது, கடன் வாங்கிச் செலவு செய்யும் வீட்டைப் பார்த்து வசதியான குடும்பம் என்று எண்ணுவதைப் போன்றது. இளைஞர்களிடம் இந்த ஏமாற்றம் இன்னும் மிகுதி. அவர்கள் உடல் நீண்ட நேரம் தாக்குப்பிடித்துவிட்டுப் பின் சட்டென்று சரிந்துவிடும்.

தீவிர சிகிச்சைச் செவிலியருக்கும் இப்பட்டியலுக்கும் உள்ள உறவு சற்று விந்தையானது. இப்பட்டியல் அவர்கள் பணிபுரியும் இடத்திற்காக வகுக்கப்பட்டதே அன்று. அப்பிரிவின் பிறப்பை நினைவுகூர்ந்தால் காரணம் விளங்கும். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு, பியோன் இப்சென் என்னும் மருத்துவரின் யோசனைப்படி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ஒரு ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றூட்டினர். அமுக்கியவர்கள் யார் தெரியுமா? உங்களைப் போன்ற மாணவர்கள்! மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஏறத்தாழ 1500 பேர், இரவு பகலாக முறை வைத்துக்கொண்டு, பல வாரங்கள் அப்பணியைச் செய்தனர். அதையடுத்து 1953-இல் இப்சென் தொடங்கிய தனிப் பிரிவையே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடி என்பர். ஒரு நோயாளியின் பக்கத்தில் ஓர் ஆள் விலகாமல் இருப்பதே அதன் உயிர்நாடி. இன்றும் இங்கிலாந்தில் வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவியில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது வழக்கம். பொது வார்டிலோ ஒருவர் எட்டுப் பேரைப் பார்க்கிறார். இரவில் அதற்கு மேலும் உண்டு.

இடைவிடாத காவல் இருக்கும் இடத்தில் எச்சரிக்கை மணிக்கு என்ன வேலை? அன்றியும், கருவி மூச்சு விடுகிறது, மருந்து அழுத்தத்தைத் தாங்குகிறது, மயக்க மருந்தால் நினைவு மங்கியிருக்கிறது என்னும் நிலையில், அந்நோயாளியின் மூச்சும் அழுத்தமும் அவருடையனவாகவே இரா. நினைவுக்கு 3, பிராணவாயுவிற்கு 2 என்று எடுத்த எடுப்பிலேயே 5 ஏறிவிடும். அதைக் கொண்டு அவர் தேறுகிறாரா, தாழ்கிறாரா என்று சொல்ல இயலாது. ஆகவே அங்குள்ள செவிலியர் பட்டியலை நம்பியிராமல், எண்ணுக்குப் பின்னால் உடலில் என்ன நடக்கிறது என்பதையே நாள்தோறும் படித்துப் பழகுகிறார்கள்.

அந்தப் படிப்பு சுவருக்கு வெளியே போனபோதுதான் பட்டியல் பயன் தரத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்துச் சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கை ஒன்று, தீவிர சிகிச்சை என்பது ஓர் அறையின் பெயரன்று, நோயாளியின் தேவையின் பெயர் என்னும் கருத்தை வற்புறுத்தியது. அதன்படி, தீவிர சிகிச்சையில் தேர்ந்த செவிலியர் வார்டுகளுக்குச் சென்று பார்க்கும் 'அவுட்ரீச்' குழுக்கள் ஏற்பட்டன. வார்டில் தாழ்ந்து வருபவரை முன்கூட்டியே கண்டு தீவிர சிகிச்சை தேவைப்படாமற் செய்வது, அங்கிருந்து திரும்பியவரைக் கைவிடாமல் தொடர்ந்து பார்ப்பது, தம் திறமையை வார்டுச் செவிலியருக்குப் பகிர்ந்தளிப்பது என்பன அவற்றின் பணிகள். வார்டிலிருந்து தொலைபேசியில் வரும் 'ஏழு' என்னும் ஒரு சொல் அவர்களை மாடி தாண்டி ஓடிவரச் செய்கிறது.

ஓடிவந்தபின் அவர்கள் முதலில் செய்வது அந்த ஏழை ஐயுறுவது. என் மாணவி இதைச் சுவையாகச் சொன்னாள்: "எண் என்னைக் கூப்பிடும், ஐயா, பார்ப்பது நான்தான்." நாட்பட்ட நுரையீரல் நோயினர் சிலருக்கு இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும், அவர்களுக்குப் பிராணவாயு 88 முதல் 92 வரை இருப்பதே ஏற்ற அளவு. அவர்களுக்கென வேறொரு கட்டம் பட்டியலில் உண்டு. பிராணவாயு கொடுத்து அளவை 97-க்கு ஏற்றிவிட்டால் அக்கட்டத்தில் 3 மதிப்பெண் விழும். மிகுதியும் தீங்கு என்பது பொருள். இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரை உண்பவரின் நாடி, உள்ளே தீப்பற்றினாலும் ஏறாது. அங்கே குறைந்த மதிப்பெண் ஏமாற்றும். விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் ஆக்சிமீட்டர் கருவி, கருநிறத் தோலினரிடம் சில வேளைகளில் உள்ளதைவிட மிகுத்துக் காட்டுகிறது என்று 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துரைத்தது. நம்மவர் மனத்திற்கொள்ளத் தக்க செய்தி. அதே 2020-இல் கொரோனா நோய் பரவியபோது மற்றொரு குறையும் வெளிப்பட்டது. நிமிடத்திற்கு இரண்டு லிட்டர் பிராணவாயு கொடுத்தாலும் 2 மதிப்பெண்; பதினைந்து லிட்டர் கொடுத்தாலும் அதே 2. நோயாளி விரைந்து தாழ்ந்துகொண்டிருக்க, மதிப்பெண் அசையாமல் நிற்கும். பிராணவாயுவின் தேவை கூடுவதையே ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளுமாறு மருத்துவர் கழகம் அறிவுறுத்த வேண்டியதாயிற்று. பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இப்பட்டியல் பொருந்தாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எண்ணும் மெய்யாக இருந்து, கூட்டலும் சரியாக இருந்து, அழைப்பு மட்டும் போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 23 மருத்துவமனைகளை உட்படுத்தி நடந்த பெரிய ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. அவசரக் குழுக்கள் ஏற்படுத்தப்பட்ட மருத்துவமனைகளுக்கும் மற்றவற்றிற்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது யாதெனில், அழைக்க வேண்டிய அடையாளங்கள் தோன்றிய நோயாளிகளுள் பலருக்குக் குழு அழைக்கப்படவே இல்லை என்பதாகும். நடு இரவில் மூத்த மருத்துவரை எழுப்பத் தயக்கம், 'இதற்கா கூப்பிட்டாய்?' என்ற கேள்விக்கு அச்சம். இத்தயக்கத்தை அறிந்தே, 1990 வாக்கில் சிட்னி நகரின் லிவர்பூல் மருத்துவமனையில் இத்தகைய குழுவை முதன்முதல் அமைத்தவர்கள், எண் எதுவும் தவறாவிட்டாலும் 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்பதையே அழைப்பதற்குப் போதிய காரணமாக விதியில் சேர்த்திருந்தனர். கவலைக்கு மதிப்பெண் இடாமல் இடம் கொடுத்தார்களே, அதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அந்தக் கவலை செவிலியருக்கு மட்டும் உரியதன்று. 2021-இல் இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி, மிதிவண்டியிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருக்கையில், நோய்த்தொற்று உடல் முழுவதையும் தாக்கும் செப்சிஸ் என்னும் நிலையால் இறந்தாள். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொல்லியும் உரிய காலத்தில் அது செவியேறவில்லை. முன்னரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் அவள் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை அதிகாரி 2022-இல் தீர்ப்பளித்தார். தாயும் தந்தையும் இடையறாது முயன்றதன் பயனாக, 'மார்த்தா விதி' 2024-இல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. முதற்கட்டத்தில் 143 இடங்கள். இதன்படி, நோயாளியோ உறவினரோ, வார்டில் உள்ளோர் தம் கவலையைப் பொருட்படுத்தவில்லை என்று கருதினால், தனிக் குழு ஒன்று வந்து பார்க்குமாறு தாங்களே தொலைபேசியில் கேட்கலாம். பல இடங்களில் அத்தொலைபேசியை எடுப்பவர், நான் முன்னே சொன்ன அவுட்ரீச் செவிலியரே. என் மாணவியும் இப்போது சில இரவுகளில் அந்தப் பணியில் இருக்கிறாள். அழைப்பவர் எண் எதுவும் சொல்ல மாட்டாராம். "எங்கள் அப்பா என்றும்போல் இல்லை" என்று மட்டும் சொல்வாராம். அவள் எழுந்து நடப்பாளாம்.

நேரம் நெருங்குகிறது. ஆசிரியன் பேசினால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடியாது. இன்றிரவு வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ ஓய்வாக இருக்கும்போது, அவர் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் அமர்ந்துகொள்ளுங்கள். மூச்சை எண்ணப் போவதாகச் சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சின் இயல்பு மாறிவிடும். செவிலியரும் இவ்வாறே செய்வார்கள். மார்பு ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து அறுபது விநாடியும் முழுமையாக எண்ணுங்கள். பிறகு கால் நிமிடம் மட்டும் எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். இரண்டு விடைகளையும் ஒரு தாளில் குறித்து, நாளை வகுப்பில் உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள்.